பாலையூற்றுக் கிற்றாரின் வயது

திருகோணமலை

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் குளிர் முந்திவிட்டதென்றும் விரல் மூட்டுகள் இறுகிக்கொண்டு வருகின்றன என்றும் எழுதியிருந்தாய். அந்த விரல்களுக்காகத்தான் ஒரு கிற்றார் தேடுகிறாய் என்பதால், பாலையூற்றுப் பெரியவர் வீட்டில் உள்ளதைப் பார்த்து எழுதும்படி நீ கேட்டதை நான் தள்ளிப்போடவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட் என்னும் மின்கிற்றார்தான். போலி என்று எண்ணவேண்டாம். ஆனால் கழுத்து ஒரு காலத்தினது, உடல் இன்னொரு காலத்தினது, உள்ளே இருக்கும் மின்பாகங்களில் ஒரு பங்கு நம் நாட்டுக் கைவேலை. பெரியவரின் பேரன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்லும் '1963ஆம் ஆண்டு ஸ்ட்ராட்' விலை முழுக்க முழுக்க 1963இல் கட்டப்பட்டு அப்படியே இருக்கும் வாத்தியத்துக்கு உரியது. இதற்கு அது பொருந்தாது. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ வேறு யாரிடமாவது காட்டிக் கேட்கும்போது அவர்கள் சொல்வதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக் கதையை நீ முன்பே கேட்டிருப்பாய். பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்ரோபரில் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, அதிகாரி ஒருவர் தமக்கு வேலை செய்த பறங்கியர் குடும்பத்துக்கு இந்தக் கிற்றாரைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது கதை. பெரியவர் பொய் சொல்பவர் அல்லர்; தகப்பனார் சொன்னதைச் சொல்கிறார். ஆனால் 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்யப் பிரித்தானியாவில் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் ஓர் ஆங்கிலேயக் கடற்படையாளரின் கையில் ஃபெண்டர் இருந்திருந்தால் அது அபூர்வம். அதைவிட வலுவான மறுப்பை வாத்தியமே தருகிறது. ஸ்ட்ராடோகாஸ்டர் 1954இல் வெளிவந்தது முதல் 1959 வரை அதன் விரற்பலகை, அதாவது கழுத்தில் விரல் அழுத்தும் முகப்பு, மேப்பிள் மரத்தினாலானது. இந்தக் கிற்றாருக்கு இருப்பதோ கரும்பழுப்பு ரோஸ்வுட் பலகை. பெரியவரிடம் இதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவேண்டாம், விலைக்கு அது அவசியமில்லை.

முதலில் எல்லோரும் பார்ப்பது உடலின் பின்புறத் தகட்டில் உள்ள இலக்கத்தை. பேரனும் அதைத்தான் காட்டினான். நான்கு திருகாணிகளால் கழுத்தை உடலோடு பிணைக்கும் தகடு அது. திருகாணிகளைக் கழற்றினால் எவரும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால், அதன் சாட்சியம் தனியே நின்றால் மிகப் பலவீனமானது. இந்தத் தகட்டில் ஆறு இலக்கங்களின் கீழே பெரிய 'எஃப்' எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துள்ள தகடுகள் 1965இன் பிற்பகுதியிலிருந்து 1976 வரை வந்தவை. அதன் பின் இலக்கத்தைத் தலைப்பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே தகடும் '1963'ஐ ஆதரிக்கவில்லை. இதைப் பேரன் கவனிக்கவில்லை.

கழுத்தைக் கழற்றலாமா என்று பெரியவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, கம்பிகளைத் தாமே தளர்த்தித் தந்தார். கழுத்தின் அடிமுனையில் றப்பர் முத்திரை தெளிவாக இருந்தது: '2 ஓகஸ்ட் 63 பி'. இதை '1963 ஓகஸ்ட் 2ஆம் திகதி' என்று வாசிப்பவர்கள் பலர். முன்னால் நிற்கும் 2 நாளைக் குறிப்பதில்லை. அக்காலத்தில் ஸ்ட்ராடோகாஸ்டர் கழுத்துக்கு வழங்கிய மாதிரி எண் அது. கடைசி எழுத்து, கம்பிகள் ஏறும் இடத்தில் கழுத்தின் அகலத்தைச் சொல்வது. 'பி' என்றால் வழக்கமான ஒன்றே ஐந்தின்கீழ் எட்டு அங்குலம். முத்திரையும் இன்று செய்து குத்தக்கூடியதுதான் என்பதால் அதையும் தனியே நம்பவில்லை. ரோஸ்வுட் பலகையின் முனையை ஓரமாகப் பார்த்தபோது, மேப்பிளோடு அது ஒட்டியிருக்கும் கோடு நேராக இல்லாமல் வளைந்து போயிருந்தது; 1962 நடுப்பகுதிவரை தடித்த பலகையைத் தட்டையாக ஒட்டினார்கள், பிறகுதான் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டத் தொடங்கினார்கள். இடங்காட்டும் புள்ளிகள் களிமண் போல மங்கிய நிறம்; 1964க்குப் பின் வந்தவை முத்துப்போல மினுங்கும். சுருதி கூட்டும் கீகள் இப்போது ஜப்பானியவை. ஆனால் அவற்றின் அடியில், பழைய குளூசன் கீகள் ஒன்றோடொன்று திருகாணியைப் பங்கிட்டு நின்ற ஏழு சிறு துளைகளும் ஒரே வரிசையில் இருக்கின்றன. முத்திரையும் பலகையும் புள்ளிகளும் துளைகளும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே ஆண்டைச் சொல்வதால், கழுத்து 1963 என்று எழுதிக் கையெழுத்திட எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். கடைத்தெருவில் நகை அடகு பிடிக்கும் நம் நண்பரிடம் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கை இரவல் வாங்கிப் போயிருந்தேன். இருட்டறையில் பிடித்தால், பழைய நைட்ரோ செல்லுலோஸ் வார்னிஷ் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். அண்மையில் பூசியது அப்படி ஒளிராது. கழுத்தின் பின்புறம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. தலைப்பகுதியில் ஃபெண்டர் பெயர் சுரண்டப்பட்டுவிட்டது, வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த விளக்கில் மெல்லிய எழுத்துப் பெயரின் தடம் கருமையாக எழுந்தது. 1964 வரை ஒட்டிய பெயர் அந்த மெல்லிய எழுத்திலானதுதான். பெயரைச் சுரண்டியவர் யார், ஏன் என்று பெரியவருக்குத் தெரியவில்லை. சுங்கத்தில் வரி கேட்பார்கள் என்று பயந்து யாராவது செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

உடலுக்கு வருகிறேன், இங்கேதான் கதை சிக்கலாகிறது. வெளியே தடித்த கறுப்பு நிறம். கராஜில் வாகனத்துக்கு அடிக்கும் பெயின்ற் என்பது பார்த்தவுடன் தெரியும். முன்பக்க வெள்ளைத் தகட்டைத் தூக்கினால், பெயின்ற் எட்டாத குழிகளின் விளிம்பில் மஞ்சளும் சிவப்பும் கறுப்புமான பழைய சாயம் எட்டிப் பார்க்கிறது. பஞ்சில் தின்னர் தோய்த்து, வெளியே தெரியாத ஒரு மூலையில் மெல்ல ஒற்றினேன். கறுப்பு உடனே கரைந்து பஞ்சில் ஏறியது. அதன் கீழிருந்த தெளிந்த பூச்சு கண்ணாடிபோல அசையாமல் நின்றது. நைட்ரோ செல்லுலோஸ் என்றால் அதுவும் பிசுபிசுத்திருக்கும். கரையாமல் நின்றது பொலியெஸ்டர். ஃபெண்டர் அதற்கு மாறியது 1968இல். 1964வரை உடலைக் காயவைக்க அடித்த சிறு ஆணிகளின் துளைகளைத் தேடினேன், ஒன்றும் இல்லை. கழுத்தை நான்கு திருகாணிகளால் பூட்டும் முறை 1971இல் மூன்றாகக் குறைந்தது, இதில் நான்கு. ஆக, உடல் 1968க்கும் 1971க்கும் இடையில் செய்யப்பட்டது, பின்புறத் தகடு அதோடு பிறந்தது.

அந்தக் காலத்து உடலோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கழுத்துக்குத் தலைப்பகுதி பெரியதாக இருந்திருக்கும், ஏனென்றால் 1965இன் இறுதியில் தலையைப் பெருப்பித்துவிட்டார்கள். இதன் தலை சிறியது. கழுத்தின் அடியில் பழைய திருகாணித் துளைகள் நான்கும் மரமுளை வைத்து அடைக்கப்பட்டு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளிப் புதிய துளைகள் இடப்பட்டிருக்கின்றன. கையால் செய்த வேலை, ஆனால் திறமான வேலை. கழுத்து இம்மியும் ஆடவில்லை.

மின்பாகங்களில் என் தொழில் அனுபவம் உதவியது. ஒலியையும் தொனியையும் மாற்றும் மூன்று கொன்ட்ரோல்களில் இரண்டின் முதுகில் '137'இல் தொடங்கும் எண் இருக்கிறது. 137 என்பது சீ.ரீ.எஸ். நிறுவனத்தின் குறியீடு, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அதற்கடுத்த இரண்டும் வாரத்தையும் சொல்லும். இவை 1966. அவசரக்காரர் 'அப்படியானால் கிற்றார் 1966' என்பார். கொன்ட்ரோலின் திகதி, கிற்றார் அதற்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். மேலும் ஃபெண்டர் 1966இல் இவற்றைப் பெருந்தொகையாக வாங்கி, அந்தப் பத்தாண்டின் முடிவுவரை பயன்படுத்தியது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. எனவே 1968ஐ அண்டிய உடலுக்குள் 1966 கொன்ட்ரோல் இருப்பது பொருத்தமே. அவற்றின் ஈயம் மங்கி, ஒருமுறை வைத்ததோடு நின்றது. மறுபடி சூடு காட்டிய அடையாளம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. தொனியை மாற்றும் கடைசி ரோன் குமிழைத் தொடக்கத்திலிருந்து திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், பழைய வால்வு ரேடியோவின் வொலியூம் கொன்ட்ரோல்! பின்னால் ரேடியோவை அணைக்கும் சுவிட்ச் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது உட்காருவதற்காக மரத்தை உளியால் கொஞ்சம் குடைந்திருக்கிறார்கள். மின்தடை 250 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 500. அதனால் அந்தப் பக்கத்து ஒலி சற்றுக் கூர்மையாக வருகிறது. கேட்கக் கெட்டதாக இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் மூன்றில் நடுப் பிக்கப்பை உள்ளூரில் மறுபடி சுற்றியிருக்கிறார்கள். தடித்த கம்பி என்பதால் சுற்று குறைந்து, மற்ற இரண்டும் ஆறு கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்ட, இது நாலைக்கூடத் தொடவில்லை. 1970 முதல் 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கம்பி ஒரு சோடி வாங்கவே நாம் அலைந்தது உனக்கு நினைவிருக்கும். இந்த வேலைகள் அந்தக் காலத்தின் கையெழுத்து. வெளிநாட்டுக் கடைக்காரன் இவற்றைக் குறையென்று பட்டியலிடுவான். நான் வாங்குபவனாக இருந்தால் அந்த ரேடியோ கொன்ட்ரோலை மாற்றவே விடமாட்டேன்.

இதற்கு ஆதாரமாகப் பெரியவரிடம் ஒரு படம் இருக்கிறது. கல்யாண வீடொன்றில் பொப்பிசைக் குழு வாசிப்பது. பின்புறத்தில் 1974 என்று மையால் எழுதியிருக்கிறது. கிற்றாரின் தலை அப்போதே சிறியது, உடல் இன்னும் கறுப்பாகவில்லை, சாயம் வெளிறி ஓரம் இருண்டு தெரிகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, தலைப்பகுதியின் நுனியில் உள்ள அரைநிலா வடிவ உடைவு படத்திலும் இருக்கிறது. ஆகவே கழுத்து மாற்றம் 1974க்கு முந்தியது, கறுப்பு அதற்குப் பிந்தியது. அந்தப் படத்தையும் சேர்த்துத் தரும்படி கேள். அல்லது நல்ல பிரதியாவது எடுத்துக்கொள். பிங்க் ஃபுளோயிட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் உனக்குத் தெரியும்: அதுவும் மூவர்ணச் சாயத்தின் மேல் கறுப்பு அடித்தது, கழுத்தும் பிக்கப்பும் எத்தனையோ முறை மாறியது. 2019இல் அது 39,75,000 டொலருக்கு ஏலம் போனதற்கு வாசித்தவரின் பெயர் முதற்காரணம் என்றாலும், ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்று படங்களாலும் பதிவுகளாலும் காட்ட முடிந்ததும் ஒரு காரணம். கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டனின் 'பிளாக்கி' என்ற ஸ்ட்ராட்டும் பல கிற்றார்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதுதான். கலந்திருப்பது இழுக்கில்லை, கலந்ததை மறைத்து விற்பதுதான் தவறு.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலமும் திருகாணிகளும் அரித்திருப்பதைப் பார்த்து 'எவ்வளவு பழமை' என்று பேரன் வியக்கிறான். நம்முடைய உப்புக் காற்றில் போன வருடம் வாங்கிய மின்விசிறியும் அப்படித்தான் இருக்கிறது.

இனி விலை. சீ.பீ.எஸ். நிறுவனம் 1965 ஜனவரியில் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தியவற்றுக்கே பெரும் விலை. இதில் அந்தக் காலத்தது கழுத்து ஒன்றுதான். மறு பெயின்ற் அடித்த வாத்தியத்தின் மதிப்பு பாதியாகும் என்று வாங்கி விற்பவர்கள் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். உடலுக்கு அந்தக் கணக்கைப் போடு, கழுத்துக்குத் தனியே ஒரு விலை போடு, இரண்டையும் கூட்டிக் கேள். பேரன் கோபிப்பான், பெரியவர் கேட்பார். அவருக்குப் பணத்தைவிட, அது வாசிக்கத் தெரிந்தவரிடம் போகவேண்டும் என்ற எண்ணமே பெரிது.

ஒன்றை மறந்துவிடாதே. அக்காலத்து விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. 2019இல் மற்ற ரோஸ்வுட் வாத்தியங்களுக்குக் கிடைத்த தளர்வு இதற்குக் கிடையாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமானத்தில் ஏற்றினால், கனடாவில் இறங்கும்போது பறிபோகலாம். மாசி மாதம் நீ வரும்போது கையோடு கொண்டுபோக நினைத்தால், விண்ணப்பத்தை இப்போதே தொடங்கவேண்டும். மரத்தின் பெயரும் செய்த ஆண்டும் அதில் கேட்பார்கள், முத்திரையின் படம் அதற்கு உதவும்.

முத்திரை, அடைத்த துளைகள், கொன்ட்ரோல்களின் முதுகு, கல்யாணப் படம் எல்லாவற்றையும் மருமகன் மூலம் உனக்கு அனுப்புகிறேன். பெரியவரிடம் தொகை பேசுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது. அவர் காலையில்தான் காது கொடுத்துப் பேசுவார், மத்தியானத்துக்குப் பிறகு பேரன்தான் பேசுவான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்