நகரில் அரங்கு சரி, தோட்டத்துக்கு ஒரு சமதரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரை அண்டிப் பெரிய விளையாட்டரங்கு ஒன்று அமைக்க எங்கள் பிரதேச சபை ஆலோசிப்பதாக உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். சரி, வரட்டும். ஆனால் சபையின் வாக்காளர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். மாலை நாலரைக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்ணோ, பள்ளிவிட்டு மலையேறி வருகிற பிள்ளையோ பஸ் பிடித்து நகருக்குப் போய் விளையாடப் போவதில்லை. எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) பெண் பிள்ளைகள் வலைப்பந்து பழகுவது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில். பெயின்ட் வாளிக்குள் கொங்கிரீட் ஊற்றி நட்ட கம்பம்தான் கோல். கொழுந்து லொறியின் சத்தம் கேட்டால் இரண்டு பேர் அதை உருட்டி ஓரங்கட்ட வேண்டும். பந்து கீழே தேயிலைக்குள் போனால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான், அட்டைக்கடிதான் மிச்சம்.

தோட்டங்களுக்குள் சபை செலவு செய்ய முடியாது என்று முன்பெல்லாம் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே அரங்குக்கான நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, டிவிசனுக்கு ஒரு சிறு மைதானம் என்று தொடங்கலாம். முதலில் தோட்ட நிர்வாகத்திடமிருந்து காணியை எழுத்தில் பெறட்டும். வாய்ப்பேச்சு அடுத்த துரை (தோட்ட முகாமையாளர்) வரும் வரைதான். அப்புறம் மேட்டுப் பக்கம் தண்ணீர் வடிய கான் வெட்டி, பள்ளத்துப் பக்கம் வலை அடித்தால் போதும். பார்வையாளர் மேடை பிறகு வரட்டும்.

தோட்டத்து வாசகர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.