பாப்பாவின் டான்சில் ஆபரேஷனுக்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் "சின்ன ஆபரேஷன்தானம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்குச் சொன்னாயா, உனக்கே சொல்லிக்கொண்டாயா தெரியவில்லை. சின்னதுதான். ஆனால் படுக்கப் போவது பெற்ற பிள்ளை என்னும்போது அந்தச் சமாதானம் மனதில் ஒட்டாது. அதனால் தைரியமாக இரு என்று எழுதி நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. சின்ன வயதில் உனக்கு டான்சில் எடுத்தபோது இதையெல்லாம் பார்த்தவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் உன் சந்தேகம். டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று யாரோ சொன்னார்களாமே. அதே வேலையைச் செய்யும் திசு நாக்கின் பின்பகுதியில், கழுத்தில், உடம்பு முழுக்க இருக்கிறது. இந்த இரண்டு உருண்டைகள் போவதால் பிள்ளை நோஞ்சானாகிவிட மாட்டாள். உனக்கு எடுத்த காரணம் வேறு, ஓயாத தொண்டைப் புண்ணும் காய்ச்சலும். இப்போது அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் 7 தடவை, இல்லையென்றால் 2 வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5, அல்லது 3 வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 என்று வந்தால்தான் பெரும்பாலும் எடுப்பதைப் பற்றியே பேசுவார்கள். பாப்பாவுக்கு மூச்சுதான் பிரச்சினை. போன முறை அவளோடு படுத்தபோது நானே பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று சத்தம் நின்றுவிடும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், அப்புறம் திணறலோடு ஒரு மூச்சை இழுப்பாள். டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் பெருத்து வழியை அடைக்கின்றன. ராத்திரியெல்லாம் இப்படிப் போராடும் பிள்ளை பகலில் சிடுசிடுவென்று இருக்காமல் என்ன செய்யும்? அடினாய்டு வளர வளரச் சுருங்கும்தான். அதுவரை அவள் தூக்கம் கெட்டுக்கொண்டே போக வேண்டுமா? நீங்கள் இருவரும் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? எங்கேயோ வெளியே போகிறோம் என்று ஏமாற்றி மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். வலிக்காது என்றும் சொல்லாதே. "தூங்க வைப்பார்கள், அப்போது எதுவும் தெரியாது. எழுந்ததும் தொண்டை வலிக்கும், மருந்து கொடுப்போம். நீ கண் விழிக்கும்போது அம்மா இருப்பேன்." இவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும், எங்கெங்கே உன்னை உள்ளே விடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு சொல். ஏமாந்தோம் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால், அப்புறம் வீட்டில் மருந்தை வாயில் வாங்க மாட்டாள்.

வயிற்றைக் காயப்போடுவது பற்றி ஆஸ்பத்திரியில் சொல்வதுதான் கணக்கு. பொதுவாகச் சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். பயத்தில் தண்ணீரையும் ராத்திரியே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பாவம், அந்த நேரத்துப் பாதி அழுகை தாகம்தான். சளி, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லிவிடு. தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

உன் ஆபரேஷன் அன்றைக்கு நீ செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம். முதுகுப் பக்கம் நாடா வைத்த அந்தத் தொளதொள கவுனைப் போட்டுக்கொண்டு, காலில் சிவப்புச் செருப்போடு டிராலியில் உட்கார்ந்திருந்தாய். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிய பிறகு கழற்றி, பையில் போட்டு, உன் கால்மாட்டிலேயே வைத்து அனுப்பினார். உன் அப்பா அதைப் பார்த்ததும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகமூடி வைத்ததும் பிள்ளைகள் கை காலை உதறுவார்கள், கண் மேலே சொருகும், உடம்பு துவளும். பார்க்கவே வயிற்றைப் பிசையும். மயக்க மருந்தில் அது சாதாரணம். அந்த அறையில் நீ நிற்பதானால் இதைத் தெரிந்துகொண்டு நில்.

எழுந்திருக்கும்போது இன்னும் கஷ்டம். நீ என்னை யாரோ மாதிரி பார்த்தாய், எட்டி உதைத்தாய், கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாய். மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், அவர்களுக்கு நினைவும் இருக்காது. மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டே இரு, அது போதும்.

நான் உனக்குச் சொல்ல நினைத்ததே இனிமேல்தான். டாக்டரின் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உன் வேலை இரண்டு வாரம். முதல் நாள் பிள்ளை ஓடியாடும், அடடா முடிந்தது என்று தோன்றும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரைதான் வலி ஏறும். காதும் வலிக்கும் என்பாள். காதில் ஒன்றும் இருக்காது, தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை காதுக்கும் போகிறது. வாயைத் திறந்து பார்த்தால் எடுத்த இடத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், வாடையும் அடிக்கும். சீழ் இல்லை, புண் ஆறும் பக்கு அது. சுரண்டக் கூடாது.

வலிக்கிறது என்று விழுங்க மறுப்பாள். விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். அதனால் வலி மருந்தை, அழட்டும் பார்க்கலாம் என்று விடாமல், எடைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த அளவில் நேரத்துக்குக் கொடு. முதல் சில நாள் ராத்திரியிலும் எழுப்பிக் கொடு. கொடுத்து அரை மணி நேரம் கழித்து, மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் குடிக்க வை. சாப்பாடு குறைந்தால் கவலைப்படாதே, குடிப்பது குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும். எட்டு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். வீட்டில் கிடக்கும் இருமல் சிரப் எதையும் எடுத்துக் கொடுக்காதே, சிலதில் கோடீன் என்ற அபின் வகை மருந்து இருக்கும். அதைக் கொடுத்ததில் டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சே அடங்கிப்போன சம்பவங்கள் நடந்து, 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது. 2017-இல் 12 வயதுக்குக் கீழே அதைத் தரவே கூடாது என்றது.

ரத்தம் பற்றி ஒன்று. முதல் 24 மணி நேரத்திலோ, பக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள்ளோ கசியலாம். நூற்றில் சிலருக்குத்தான். ஆனால் பளிச்சென்று சிவப்பாக வந்தால், அல்லது தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. குரல் கொஞ்ச நாள் மூக்கால் பேசுவது போல இருக்கும், வீக்கம் வடியும் வரை குறட்டையும் இருக்கலாம். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் அங்கே வந்துவிடுவேன். ராத்திரி மருந்து என் முறை. நீயும் மாப்பிள்ளையும் தூங்குங்கள்.

அப்புறம், பாப்பாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது என்றாயே, அதை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல். வாயைத் திறந்து குழாய் வைக்கும்போது விழுந்து உள்ளே போய்விடக் கூடாது.

அன்புடன்,
அம்மா