31-ஐ எடுத்தால் 38-ஐயும் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறத்துக்காகப் போரிடுவதும் பக்திதான் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் கீதை 2ஆம் அத்தியாயத்தின் 31ஆம் சுலோகத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தர்மயுத்தத்தைவிட மேலானது க்ஷத்திரியனுக்கு வேறில்லை என்பது அதன் பொருள். ஏழு சுலோகம் தள்ளி 38-இல், சுகம் துக்கம், லாபம் நஷ்டம், வெற்றி தோல்வி எல்லாவற்றையும் சமமாகக் கொண்டு பிறகு போருக்கு எழு என்கிறான் கண்ணன். 3ஆம் அத்தியாயம் 30-இல் பிடி இன்னும் இறுகுகிறது: செயல்களை என்னிடம் ஒப்படைத்து, ஆசையையும் 'எனது' என்பதையும் விட்டு, 'விகதஜ்வர'னாகப் போரிடு. காய்ச்சல் நீங்கியவன் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். கொதிப்போடு கை ஓங்குகிறவனுக்கு இங்கே இடமில்லை.

மகாபாரதத்தில் கீதைக்கு முன்னே உத்தியோக பருவம் என்ற பகுதி இருக்கிறது. ஐந்து ஊர் போதும் என்று தருமன் இறங்கி வந்ததும், கண்ணனே தூது போனதும் அதில்தான். பீஷ்ம பருவத் தொடக்கத்தில் இரு தரப்பும் விதி வகுத்துக்கொள்கின்றன. தேரோடு தேர், யானையோடு யானை. ஆயுதம் இழந்தவன், புறங்காட்டியவன், முரசும் சங்கும் முழக்குபவன் மேல் அடி விழக்கூடாது. 18 நாளில் இரு தரப்புமே விதியை மீறின. பாரதம் அதை மூடி மறைக்கவில்லை. யானை அசுவத்தாமன் இறந்ததை மகன் அசுவத்தாமன் இறந்ததாகத் துரோணர் நம்பும்படி தருமன் சொன்ன அரைப்பொய்க்கு, அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் மண்ணைத் தொட்டது.

பெரியபுராணத்து ஏனாதிநாதர் வாள் பயிற்றும் ஆசிரியர். அவரிடம் தோற்று ஓடிய அதிசூரன், நெற்றியில் நீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு தனிப்போருக்கு வந்தான். வெட்டு விழப்போகும் நேரத்தில் கேடயத்தை விலக்கினான். சிவனடியாரின் அடையாளமான நீற்றைக் கண்ட நாயனார் கொல்ல மறுத்தார். வாளைக் கீழே போட நினைத்தும் போடவில்லை. ஆயுதமில்லாதவரைக் கொன்ற பழி எதிரிக்கு வந்துவிடுமே! வாளும் கேடயமும் ஏந்தி, எதிர்ப்பவர் போலவே நேர்நின்று உயிர் கொடுத்தார். போர்ப் பக்தியைப் பேச வருகிறவர்கள் தவிர்க்கக்கூடாத இடம் இது.

ஆன்மிகப் பகுதியில் 31ஆம் சுலோகத்தை வெளியிடும் நாளில், 38-ஐயும் அதே கட்டத்துக்குள் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்