ஷவர் வாங்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீடு, மனை இணைப்பில் குளியலறை அலங்காரம் பற்றி அடிக்கடி படம் போடுகிறீர்கள். கோவையில் வீடு கட்டும் பலரும் அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். கறுப்பு நிற ஷவர், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கூரையை ஒட்டின மழை ஷவர், சுவருக்குள் ஒளித்து வைத்த வால்வுகள் என்று எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஷவரில் வரப்போவது சிறுவாணித் தண்ணீர் இல்லை, போர் தண்ணீர். இதை எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் இரண்டு லைன் உண்டு. நல்ல தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டு வரும், அது குடிக்கவும் சமைக்கவும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் உப்புத் தண்ணீர்தான். சில நூறு அடி ஆழத்தில் பாறைக்குள்ளிருந்து ஏறி வரும் தண்ணீர் வழியில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் வரும்.

எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 10500 என்று குடிநீருக்கான இந்தியத் தரம் ஒன்று இருக்கிறது. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இந்த இரண்டையும் சுண்ணாம்பாகக் கணக்கிட்ட அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. 600 என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு தடவை நிரம்பினால் அதற்குள் 600 கிராம் சுண்ணாம்பு கரைந்து கிடக்கிறது. எல்லாம் படிந்துவிடாது, பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். ஆனால் சூடு படும் இடத்திலும், தண்ணீர் சொட்டி நின்று காயும் இடத்திலும் கட்டாயம் படியும். அதனால்தான் வீட்டில் முதலில் அடி வாங்குவது ஹீட்டரும் ஷவரும்.

ஷவரை மூடின பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அது கீழே விழாமல் அங்கேயே காயும், காய்ந்தால் ஓட்டையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். மறுநாள் இன்னொரு சொட்டு. சில மாதத்தில் ஓட்டை பாதி அடைத்து, தண்ணீர் நேராக விழாமல் ஒன்று சுவரில் அடிக்கும், ஒன்று காதில் அடிக்கும். ஓட்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் அடைக்கும், எண்ணிக்கை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேலை. அந்த அகலமான மழை ஷவரில் இரண்டுமே இருக்கிறது! போதாக்குறைக்கு அழுத்தப் பிரச்சினை வேறு. தொட்டியின் தண்ணீர் மட்டம் ஷவரை விட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தமாவது கிடைக்கும். மாடி வீட்டுக் குளியலறைக்கு மேலே அதில் பாதி உயரம்கூட இருக்காது. அழுத்தம் குறைந்தால் ஓட்டைக்குள் ஒட்டின துகளைத் தள்ளிவிடவும் ஆள் இல்லை. பம்ப் வைக்காமல் இந்த ஷவரை மாட்டுகிறவர்கள் மழைக்குப் பதில் தூறலில்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் அளவுகோல் ஒன்றுதான்: கையால் கழற்ற முடிகிறதா? முகப்பைத் திருகிக் கழற்றி உள்பக்கம் கழுவ முடிகிற ஷவர், எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், உப்புத் தண்ணீர் வீட்டுக்கு நல்ல ஷவர். ஓட்டைகளில் மெத்தென்று சிலிகான் முனை வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. படிவு ரப்பரில் உலோகம் அளவுக்குப் பிடிக்காது, குளித்து முடித்ததும் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். கை ஷவர் வைத்துக்கொண்டால் கழற்றி வாளியிலேயே ஊறப் போடலாம், ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதில்லை. நிறத்தில் கறுப்பு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு சொட்டின் தடமும் வெள்ளையாகத் தெரியும், துடைத்தே கை ஓய்ந்துபோகும். பளபளப்பான குரோமோ மங்கலான எவர்சில்வரோ போதும். குழாய், வால்வின் உடம்பு பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் மேல் குரோம் பூசினதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எடை சொல்லிவிடும்.

தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிட சுவருக்குள் வைக்கும் வால்வான டைவர்ட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜில் உப்பு ஏறினால் முதலில் திருப்ப இறுகும், அப்புறம் மூடினாலும் ஒழுகும். நல்ல தயாரிப்பு என்றால் முன்பக்கமாகவே கார்ட்ரிட்ஜை உருவி மாற்றிவிடலாம். பெயர் தெரியாத சரக்காக இருந்து அதற்கு உதிரி பாகம் கிடைக்காவிட்டால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. அதனால் பில் போடும் முன்பே, "இதுக்கு கார்ட்ரிட்ஜ் தனியா கிடைக்குமா, இப்போ ஒண்ணு எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். கூடவே உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படியுங்கள். பத்து வருட உத்தரவாதம் என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே கடின நீரால் வரும் படிவுக்கும் அடைப்புக்கும் இது பொருந்தாது என்று ஒரு வரி பல நிறுவனங்களில் இருக்கும். கோவைக்கு அந்த ஒரு வரிதானே முக்கியம்?

பராமரிப்பு என்று வந்தால் நம் ஆட்கள் நேராக ஆசிட் பாட்டிலைத்தான் எடுக்கிறார்கள். கழிப்பறைக்கு ஊற்றும் அந்த ஆசிட் சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், உண்மைதான், ஆனால் குரோம் பூச்சையும் சேர்த்துத் தின்னும். பூச்சு போன இடத்தில் அடுத்த முறை உப்பு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின இடத்தில் அந்த ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் உயிருக்கே ஆபத்து. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இரண்டு ஸ்பூன் எடுத்து அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஷவரை அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும். வெள்ளை வினிகரும் சரிதான். கழற்ற முடியாத ஷவர் என்றால் பிளாஸ்டிக் பையில் இந்தத் தண்ணீரை ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி கட்டித் தொங்கவிடலாம். ராத்திரி முழுக்க விட வேண்டாம், பூச்சு மங்கும். அப்புறம் பழைய பல் தேய்க்கும் பிரஷ், நல்ல தண்ணீரில் ஒரு அலசல். தரை மார்பிளாகவோ கடப்பாக் கல்லாகவோ இருந்தால் கீழே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கற்களிலும் சுண்ணாம்பு உண்டு. சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை, அதாவது தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சும்மாவாவது மூடித் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆத்திர அவசரத்துக்கு மூடப் போகும்போது அசையாது.

ஷவரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு ஹீட்டரை மறந்தால் பாதி வேலைதான். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாக அடியில் படிகிறது, அது சில்லு சில்லாகப் பெயர்ந்து சுடுதண்ணீர்க் குழாய் வழியாக வந்து ஷவரை உள்ளிருந்து அடைக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் மெதுவாக வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான். சூட்டை 55 டிகிரி அளவில் வைத்தால் படிவு குறையும், மின்கட்டணமும் குறையும். வருடத்துக்கு ஒரு முறை ஆள் வைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, தொட்டியை வடித்து, தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் தண்டு தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஷவரின் கழுத்தில் மாட்டும் சின்ன பில்டர் விளம்பரம் எங்கே பார்த்தாலும் வருகிறது, முடி கொட்டாது என்று வேறு சொல்கிறார்கள். நான்கு பேர் ஆளுக்கு 50 லிட்டரில் குளித்தால், 600 அளவுத் தண்ணீரில் ஒரு நாளைக்கு 120 கிராம் சுண்ணாம்பு வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருளை அதை எத்தனை நாள் பிடித்து வைக்கும்? அதற்குள் பெரும்பாலும் இருப்பது குளோரினைக் குறைக்கும் கரியும் மற்ற சமாச்சாரமும்தான், நம் வீட்டு போர் தண்ணீரில் குளோரினே கிடையாது. கடினத்தன்மை நிஜமாகவே குறைய வேண்டுமானால் உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாப்ட்னர்தான் வேண்டும். அடுக்குமாடிகளில் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள், உப்பு தீர்ந்ததைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது வெளியே தள்ளும் உப்புக் கழிவைச் செடி கொடிகளுக்கு விடாதீர்கள், பட்டுவிடும். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டித் தரைத்தொட்டிக்குள் விட முடிந்தவர்களுக்கு மழைக்காலத்திலாவது கொஞ்சம் நிம்மதி, அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை.

வீடு விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. குளியலறையில் எந்தக் கம்பெனி ஷவர் என்று கையேட்டில் போடுகிறீர்கள், போர் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று ஒரு எண்ணையும் பக்கத்தில் போடலாமே. வாங்குகிறவர்களும் பத்திரத்துக்கு முன்பே அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பேனா மாதிரி டி.டி.எஸ். கருவியை நனைத்து ஒரு எண்ணைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது கரைந்த உப்பு மொத்தத்தைத்தான் தோராயமாகச் சொல்லும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. அவர்கள் தராவிட்டால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி நீங்களே பார்க்கலாம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, தொட்டியிலிருந்து இல்லாமல் போர் குழாயிலிருந்தே பிடித்துக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சரவணம்பட்டி, கோவை.