ஒரே பேனா, ஒரே கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் பெரியம்மா டர்பனிலுள்ள ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் படுத்திருந்து இறந்தார். புற்றுநோய், பிழைக்கமாட்டார் என்பது தெரியும். கடைசி நாட்களில் உடலே தண்ணீரை ஒதுக்கிவிடும் என்று டாக்டர் சொன்னதையும் நம்புகிறேன். ஆனால் தண்ணீர்க் கூஜா, கைக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில் காலையில் இருந்தபடியே மாலையிலும் இருந்தது. உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பஞ்சை நனைத்து ஒற்றியவள் நான்தான். கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையிலோ நான்கு மணிக்கொருமுறை 'வாய் சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பு. இரவும் பகலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அந்த நர்ஸ் தூங்குவதே இல்லை போலும்!

வார்டில் ஆள் பற்றாக்குறைதான், மறுக்கவில்லை. ஆனால் செய்யாததைச் செய்ததாக எழுதுவானேன்?

அந்த அட்டைப் பதிவின் நகலை மருத்துவமனையிடம் எழுத்து மூலம் கேட்டேன். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அந்த 30 நாளும் கடந்துவிட்டது. அடுத்து சுகாதாரக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுகிறேன். இப்படி அட்டையைப் பார்த்துத் திகைத்தவர்கள் வாசகர்களில் வேறு யாரேனும் உண்டா?

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த்