ரேக்வானின் முதல் தனி ஆல்பத்துக்கும் பதிவேட்டில் இடம் கொடுங்கள்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பாதுகாப்பு வாரியத்தாருக்கு,

வணக்கம்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவைச் சேர்ந்த வூ-டாங் கிளான் குழு 1993 நவம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பத்தை 2022இல் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தீர்கள். ராப் இசையை நேசிக்கும் தமிழ் ரசிகன் என்ற முறையில் அதற்கு என் நன்றி. அதே குழுவில் வளர்ந்த ரேக்வான் 1995 ஆகஸ்ட் 1 அன்று வெளியிட்ட ‘ஒன்லி பில்ட் 4 கியூபன் லிங்க்ஸ்’ என்னும் முதல் தனி ஆல்பத்தையும் அங்கே சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

குழுவின் ஆல்பத்தை மட்டும் காப்பது அவர்கள் கதையின் முன்பாதியை மட்டும் காப்பதாகும். குழுவைச் சேர்ந்த ஆர்சாவும் ஜிசாவும் 1991இல் தனித்தனியே இசை நிறுவனங்களை நம்பிப் பாடல்களை வெளியிட்டு, எதிர்பார்த்த ஆதரவு கிடைக்காமல் திரும்பியவர்கள். அந்தப் பட்டறிவால்தான், லவுட் என்ற இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டபோது, குழுவாக அங்கே இருந்தாலும் ஒவ்வொருவரும் விரும்பிய நிறுவனத்தில் தனியாகப் பாடலாம் என்ற உரிமையை ஆர்சா கேட்டுப் பெற்றார். உறுப்பினர்களில் மெத்தட் மேன் டெஃப் ஜாம் நிறுவனத்துக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும், ஜிசா கெஃபனுக்கும் சென்றார்கள். ரேக்வான் லவுடிலேயே தங்கினார். 1989இல் பணத் தகராறு முற்றியதால் ஐஸ் கியூப் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவைவிட்டு வெளியேறித்தான் தன் முதல் ஆல்பத்தைச் செய்ய முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சண்டையில்லாமல் தனித்து நிற்க வழிசெய்த இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

அந்த ஏற்பாட்டின் சிறந்த விளைவாக ரேக்வானின் ஆல்பத்தையே நான் கருதுகிறேன். குழுவின் ஆல்பத்தில் ஒன்பது பேருக்கு நடுவே, ‘கிரீம்’ போன்ற பாடலில்கூட அவருக்கு ஒரு சரணம்தான் கிடைத்தது. இங்கே ஒரு முழுநீளக் கதையையே சொல்லும் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடத்தை அவர் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. குழுத் தோழர் கோஸ்ட்ஃபேஸ் கில்லாவை அட்டையிலேயே தம் பக்கத்தில் நிறுத்தி, பெரும்பாலான பாடல்களில் பாடவைத்தார். குழுவுக்கு வெளியிலிருந்து ராப் பாடகர் நாஸை அழைத்து ஒரு பாடலைப் பகிர்ந்துகொண்டார். ஆர்சா இசையமைத்த பீட்டுகளுக்கு (ராப்பின் பின்னணி இசைக்கு) நடுவே, ஜான் வூ இயக்கிய ஹாங்காங் படமான ‘தி கில்லர்’ வசனங்கள் வந்துபோகின்றன. அடுத்த ஆண்டே கோஸ்ட்ஃபேஸ் தன் முதல் தனி ஆல்பத்தின் அட்டையில் ரேக்வானுக்கு இடம் கொடுத்தார். தனி ஆல்பம் என்பது குழுவிலிருந்து பிரிந்துபோவதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கேட்டதில்லை.

இந்தப் பாடல்கள் போதைப்பொருள் வணிகத்தைப் பற்றியவை என்று வாரியத்தில் சிலர் தயங்கலாம். ‘கிரீம்’ சொல்லும் வறுமைக்கு அடுத்து நடப்பதைத்தான் இந்த ஆல்பம் சொல்கிறது. முன்னதைப் பண்பாட்டுச் சிறப்புடையதென்று ஏற்றவர்கள் பின்னதை விலக்குவது நியாயமாகாது.

பாதுகாப்பு என்ற சொல்லை உங்கள் பெயரிலேயே கொண்டவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்சாவின் நிலத்தடி ஸ்டுடியோவில் வெள்ளம் புகுந்து ஏராளமான பீட்டுகள் அழிந்தன. அவற்றில் குழுவின் இன்னொரு உறுப்பினரான இன்ஸ்பெக்டா டெக்கின் முதல் தனி ஆல்பத்துக்கென வைத்திருந்தவையும் போயின. அவருடைய ஆல்பம் 1999இல்தான் வெளிவந்தது. இழந்ததை இனி யாராலும் மீட்க முடியாது. எஞ்சியிருப்பதையாவது பொதுச் சொத்தாகக் கருதிக் காக்கும் வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது.

ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் 25 ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இந்த ஆல்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். தேர்ந்தெடுத்தால், பிந்தைய மறுவெளியீட்டை வைக்காமல், ரசிகர்கள் இன்றும் தேடி அலையும் 1995ஆம் ஆண்டின் ஊதா நிறக் கேசட்டை மூலப்பிரதியுடன் சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ராப் ரசிகன் ஒருவன்