தீவுப் படகுத்துறை: ஒரு பருவ ஆய்வு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் படகுத்துறை கட்டலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ‘சிறியதுதானே’ என்ற சமாதானமும் கூடவே வந்துவிடுகிறது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களில் கரையோர நீரோட்டம் திசை மாறுவதால் மணலும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நகர்கிறது. ஆகவே ஒரே பருவத்தில் அளந்து எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை பாதி உண்மையையே சொல்லும். கல் கொட்டி அடைப்பதைவிடத் தூண்கள் மேல் நிற்கும் துறை மணலுக்கு வழிவிடும்தான். ஆனால் தூண் இறக்கும்போது கிளம்பும் கலங்கல் பவளப்பாறை மீது படியும், மேல்தளத்தின் நிழலில் ஆவுளியா (கடற்பசு) மேயும் கடற்புல் நலியும். எனவே ஓராண்டு முழுவதும் ஆய்வு நடத்தி, வரைவு அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, மீனவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே அனுமதி குறித்து முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், இராமநாதபுரம்